புயல் மாதத்தில் தீவுப் பயணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஒரு வாசகி, "புயல் காலத்தில் தீவுகளுக்குப் போகலாமா?" என்று கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அது போதவில்லை என்று அதன் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்ததும் தெரிந்தது. மும்பை செம்பூரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு நான் வந்து 24 வருடம் ஆகிறது. பிறந்த ஊர் நாகப்பட்டினம். புயலோடு எனக்குப் பழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இந்த விஷயத்துக்குத்தான்.

என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். செப்டம்பர் இரண்டாவது வாரம் எங்களைக் கரீபியன் தீவு ஒன்றுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான். அப்போது ஓட்டல் வாடகை பாதிதானாம். பக்கத்து வீட்டில் "அது ஹரிக்கேன் காலம்" என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு 61 வயது, வீட்டுக்காரருக்கு 68, அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. மும்பை மழையையே பார்த்தவர்கள் நாங்கள், போகலாம்தானே?
*வாசகி, செம்பூர்*

பக்கத்து வீட்டில் சொல்வது சரிதான் அம்மா. அட்லாண்டிக் பக்கம் புயல் காலம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை. அதில் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டிய நாட்கள். உங்கள் மகன் பார்த்து வைத்திருப்பது அந்த வாரத்தையேதான். பாதி வாடகைக்குக் காரணமும் அதுதான்.

2017 செப்டம்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் தேதி இர்மா புயல் பார்புடா தீவைத் துடைத்துப் போட்டது. இரண்டு வாரம் கழித்து, 20-ஆம் தேதி மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவில் கரையேறியது. அங்கே பல இடங்களில் மின்சாரம் திரும்ப மாதக்கணக்கானது. 2019 செப்டம்பர் 1-இல் டோரியன், பஹாமாஸ் தீவுகளின் மேல் வந்து நகராமல் நின்றுகொண்டது. இதெல்லாம் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு தீவிலும் நடப்பதில்லை. பெரும்பாலான செப்டம்பர் பயணங்கள் வெயிலும் சாயங்கால மழையுமாக நல்லபடியே முடிகின்றன. ஆனால் நடக்கும்போது நாம் அங்கே இருந்தால் என்ன செய்வோம் என்பதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

மும்பை மழையைப் பார்த்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2005 ஜூலை 26 எனக்கும் மறக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். லோக்கல் ரயில் நின்றது. தாதரிலிருந்து செம்பூர் வரை இடுப்பளவு தண்ணீரில், முன்னால் போகிறவரின் பையைப் பிடித்துக்கொண்டு நடந்து, விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தேன். ஆனாலும் நடந்து வர முடிந்தது. வழியில் முகம் தெரியாதவர்கள் பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். தீவிலிருந்து வீட்டுக்கு நடந்து வர முடியாது. படகும் விமானமும் நின்றுவிட்டால், அவை மறுபடி ஓடும் வரை அங்கேதான்.

என் யோசனை: மகனிடம் விடுமுறையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஜனவரிக்கு மேல் ஏப்ரல் வரை அங்கே அருமையான காலம். செப்டம்பரை விட்டால் லீவு கிடையாது என்றால், வெனிசுலா கரையை ஒட்டி அரூபா, பொனேர், குராசாவ் என்று மூன்று தீவுகள் இருக்கின்றன. புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே, ஏறத்தாழ 12 டிகிரி வடக்கில். அங்கே நேரடி அடி மிக அரிது. தெற்கே இருந்தாலே பயமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கிரெனடாவும் அதே 12 டிகிரி பக்கத்தில்தான் இருக்கிறது. 2004-இல் ஐவன் அதைப் புரட்டிப் போட்டது. 2024 ஜூலை 1 அன்று, சீசன் தொடங்கி ஒரு மாதமே ஆன நேரத்தில், பெரில் புயல் அதே நாட்டின் கரியாகூ தீவை அடித்தது.

ஓட்டலிடம் மகனைக் கேட்கச் சொல்லுங்கள்: ஜெனரேட்டர் எத்தனை நாள் தாங்கும்? அறை எந்த மாடி? புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்பி வருமா, அல்லது வேறு தேதி மட்டும்தானா? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வர வேண்டும். எச்சரிக்கை வந்தால் முழுப் பணத்தையும் தருகிற ஓட்டல்கள் அங்கே உண்டு, தேடினால் கிடைக்கும். வீட்டுக்காரரின் மாத்திரையைப் பயண நாட்களுக்கு எண்ணி எடுக்காதீர்கள், இரண்டு மடங்கு எடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில்.

இன்னொன்று, அந்தத் தீவுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை அல்ல. அங்கிருந்து மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைய உங்கள் விசா இடம் கொடுக்கிறதா என்று டிக்கெட் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எனக்கு கார்த்திகையில் கல்யாணம். டிசம்பர் முதல் வாரம் அந்தமான் போக ஆறு நாள் பேக்கேஜ் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் நாள் போர்ட் பிளேயர், அப்புறம் ஹேவ்லாக், நீல், கடைசி நாள் சாயங்காலம் படகில் திரும்பி வந்து மறுநாள் காலை விமானம். சரியாக இருக்கிறதா?
*வாசகர், தாராவி*

வாழ்த்துகள் தம்பி. பேக்கேஜில் இருக்கும் இடங்கள் சரி, வரிசைதான் சரியில்லை.

நம் கல்யாணக் காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம், மார்கழியில் கிடையாது. வெயில் காலம் என்றால் சித்திரை, வைகாசி. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் புயல்கள் கூடுதலாக வருவது மே மாதமும் நவம்பர் மாதமும். முகூர்த்தம் முடிந்து தேனிலவுக்குக் கிளம்பினால் நேரே புயல் காலத்தில்தான் போய் இறங்குகிறோம். "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த மழையைக் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வுகளில் பல, அந்தமானைச் சுற்றியுள்ள கடலில்தான் கரு பிடிக்கின்றன. சென்னையில் செய்தி வருவதற்கு நான்கைந்து நாள் முன்னாலேயே அங்கே கடல் பொங்க ஆரம்பித்துவிடும்.

2016 டிசம்பரில் செம்பூரிலிருந்து 14 பேரை நானே அழைத்துக்கொண்டு போனேன். உங்கள் திட்டத்தின் அதே வரிசைதான். டிசம்பர் 4 ஞாயிற்றுக்கிழமை ஹேவ்லாக் போய் இறங்கினோம். ராதாநகர் கடற்கரையில் அன்றைய அந்தியைப் பார்த்த யாரும் புயல் வரும் என்று சொல்லமாட்டார்கள். திங்கட்கிழமை மழை பிடித்தது. செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டிய படகு ரத்து. மின்சாரம் போனது, போனில் சிக்னல் போனது. வரிசையாகத் தென்னை மட்டைகள் கூரை மேல் விழுந்துகொண்டிருந்தன. வர்தா புயலாக வளரப்போகும் தாழ்வு மண்டலம் எங்கள் பக்கத்தில் இருந்தது. அப்போது அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. யார் கையிலும் ரொக்கம் இல்லை. கார்டு தேய்க்கும் மிஷின் செத்துக் கிடந்தது. 14 பேரிடமும் துழாவியதில் மூவாயிரத்துச் சொச்சம் தேறியது. ஹேவ்லாக்கில் கிராமங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர், பிரிவினைக்குப் பிறகு அங்கே குடியேற்றப்பட்ட வங்காளிக் குடும்பங்கள். நாங்கள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு அம்மா, "காசு இருக்கும்போது கொடுங்கள்" என்று ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து எங்கள் கணக்கை எழுத ஆரம்பித்தார். மூன்று நாளும் அரிசியும் மைசூர் பருப்பும் போட்ட கிச்சடி, பப்பாளிக்காய்க் கறி. மீன் இல்லை, யார் கடலுக்குப் போவது?

புதன்கிழமை கடற்படைக் கப்பல்கள் வந்தும், அலையில் துறைக்குள் வர முடியவில்லை. ஜெயலலிதா இறந்துபோன செய்தியை அன்றைக்குப் படகுத்துறையில் நின்ற ஒரு தமிழ்ப் போலீஸ்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மழையில் நனைந்துகொண்டே இரண்டு பெண்கள் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். எங்களைப் போல ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் மாட்டியிருந்தார்கள்.

என்னைப் பயமுறுத்தியது காற்று அல்ல, ஒரு மாத்திரை அட்டை. எங்களில் ஒரு பெரியவர், 71 வயது, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். வீட்டிலிருந்து நாட்களை எண்ணிக் கத்தரித்து எடுத்து வந்திருந்தார். புதன்கிழமையோடு தீர்ந்தது. வியாழக்கிழமை காலை காலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கடைக்கார அம்மாதான் குடை எடுத்துக்கொண்டு கிராமத்தில் வீடு வீடாகப் போய், சுகாதார நிலையத்திலும் விசாரித்து, அதே மருந்து நான்கு மாத்திரை கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை, 9-ஆம் தேதி, கடல் சற்று அடங்கியதும் கப்பல் ஏறினோம். 11-ஆம் தேதி சென்னை வந்து சேர்ந்தோம். மறுநாள் 12-ஆம் தேதி அதே புயல் சென்னையில் கரையேறியது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். நங்கநல்லூரில் ஒரு உறவினர் வீட்டில் மின்சாரம் இல்லாமல் மேலும் மூன்று நாள்.

இப்போது உங்கள் பேக்கேஜுக்கு வருவோம். முதல் நாளே ஹேவ்லாக்கும் நீலும் போய்விடுங்கள். (இப்போது ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு, நீலுக்கு ஷாஹீத் தீவு, போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். டிக்கெட்டில் எது இருந்தாலும் குழம்பாதீர்கள்.) செல்லுலார் சிறை, அருங்காட்சியகம், ராஸ் தீவு எல்லாவற்றையும் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளுங்கள். விமான நிலையம் இருக்கும் தீவில் கடைசி இரண்டு இரவு இருந்தால், ஒரு படகு ரத்தானாலும் விமானம் கை நழுவாது. ஏஜெண்ட் "எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்" என்பார். வரிசையை மாற்ற அவருக்குக் கூடுதலாக நான்கு போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். செய்யச் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பும் தேதிக்கும் விமானத்துக்கும் நடுவே இரண்டு நாள் விடுங்கள். கையில் ஐந்தாயிரம் ரூபாயாவது ரொக்கம் இருக்கட்டும்.

அல்லது, தை மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள். 2019 ஜனவரி முதல் வாரத்தில் பாபுக் என்ற புயல் தாய்லாந்து பக்கமிருந்து அந்தமானை நோக்கி வந்தது உண்டு, ஆனால் அது அபூர்வம். பிப்ரவரி, மார்ச்சில் அந்தக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். கல்யாணம் முடிந்த மறுவாரமே போனால்தான் தேனிலவு என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை தம்பி.

ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் எல்லாம் வேறு வேறா?
*பள்ளி மாணவி, மாட்டுங்கா*

ஒன்றேதான் கண்ணா. அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், நம் கடலில் சைக்ளோன். காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டினால்தான் அங்கே ஹரிக்கேன் என்பார்கள். நம் வானிலைத் துறை 62 கிலோமீட்டரிலேயே புயல் என்று பெயர் வைத்துவிடும். அங்கே ஹரிக்கேன் ஆகிற வேகத்தில் இங்கே அது "மிகத் தீவிரப் புயல்" ஆகிவிடும்.

அந்தச் சொல் கரீபியன் தீவுகளின் பழங்குடி மக்களுடையது, ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உன் பாட்டியைக் கேட்டுப் பார், அவருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அரிக்கேன் விளக்கு! காற்றிலும் அணையாத கண்ணாடிக் கூண்டு விளக்கு என்பதால் அந்தப் பெயர். 1977 நவம்பர் 12 விடியற்காலையில் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்தபோது எனக்கு எட்டு வயது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்துகொண்டிருந்தன. என் ஆச்சி எங்கள் நாலு பேரையும் நெல் பத்தாயத்துக்குப் பின்னால் உட்கார வைத்து, அரிக்கேன் விளக்கைத் தன் மடியில் வைத்துக்கொண்டு திரியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாள். மண்ணெண்ணெய் விடியும் வரைக்கும் வர வேண்டுமே என்று.

புயலே வராத தீவு ஏதாவது இருக்கிறதா? ஜூனில்தான் பிள்ளைகளுக்குச் சில நாள் ஒழியும்.
*வாசகி, முலுண்டு*

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் போங்கள். கடல் சூடாக இருந்தால் மட்டும் புயல் உருவாகாது, காற்று சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைத் தருவது பூமி தன்னைத்தானே சுற்றுவது. ரேகைக்கு அருகே அந்த விசை மிகக் குறைவு. அதனால் இரு பக்கமும் ஏறத்தாழ 5 டிகிரிக்குள் புயல் உருவாவது அரிதிலும் அரிது. 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் சிங்கப்பூர் பக்கத்தில் உருவானது, அதை இன்றும் விதிவிலக்காகத்தான் பேசுகிறார்கள்.

மாலத்தீவின் தெற்குப் பகுதி, செஷல்ஸின் மாஹே, சிங்கப்பூர் எல்லாம் இந்த வளையத்துக்குள் வருபவை. செஷல்ஸிலும் தெற்கே தள்ளியிருக்கும் ஃபார்குவார் தீவை 2016-இல் ஃபான்டாலா புயல் அடித்தது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் போவது மாஹே பக்கம்தான். பாலி 8 டிகிரி தெற்கில் இருக்கிறது. ஜூனில் அங்கே மழையே குறைவு, புயல் காலமும் இல்லை. உங்களுக்கு நான் பாலியைத்தான் சொல்வேன்.

மாலத்தீவு ஜூனில் மலிவாகக் கிடைக்கும். புயல் இல்லை, ஆனால் நம்முடைய அதே தென்மேற்குப் பருவமழைதான் அங்கேயும். ஒரு நாள் பளிச்சென்று இருக்கும், அடுத்த இரண்டு நாள் கடல் கலங்கிக் கிடக்கும். போவதென்றால் மாலேயிலிருந்து வேகப்படகில் அரை மணி, முக்கால் மணியில் போகக்கூடிய தீவாகப் பாருங்கள். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும், மோசமான வானிலையில் நின்றுவிடும். லட்சத்தீவு ஜூனில் வேண்டவே வேண்டாம். மும்பை கேட்வேயிலிருந்து அக்கரையில் உள்ள மாண்ட்வாவுக்குப் போகும் படகையே மழைக்காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். கொச்சியிலிருந்து நடுக்கடலுக்குப் போகும் கப்பலைப் பற்றி யோசியுங்கள்.

கிளம்பும் விமான நிலையமும் கடலோரத்தில்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் மும்பைக்கு வரவே இல்லை, தூரத்தில் போய் குஜராத்தில் கரையேறியது. ஆனாலும் அதன் காற்றில் நம் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாயின.

ஓய்வு பெற்றவன். சேதா நகர் முருகன் கோயிலில் வருடா வருடம் தைப்பூசம் பார்ப்பவன். மொரிஷியஸில் காவடி பிரமாதம் என்கிறார்கள். ஆனால் அப்போது அங்கே புயல் காலமாமே?
*வாசகர், செம்பூர்*

போய்விட்டு வாருங்கள் சார். நீங்கள் தைப்பூசத்தை வேறு மாதத்துக்கு மாற்ற முடியாது. அதனால் இது காத்திருந்து போகிற பயணம் அல்ல, ஏற்பாட்டோடு போகிற பயணம்.

அங்கே புயல் காலம் நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை, ஜனவரி முதல் மார்ச் வரை அதிகம். 2024 பொங்கலன்று பெலால் புயல் நெருங்கி வந்து, தலைநகர் போர்ட் லூயிஸில் தெருவெல்லாம் ஆறாக ஓடி, கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 25. பத்து நாள் விரதம் தொடங்கும் நேரத்தில் புயல் வந்து போனது. காவடி நடந்தது.

மொரிஷியஸ்காரர்கள் புயலைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். 1960-இல் கேரல் என்ற புயல் வீடுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு கான்கிரீட் வீடுகளாகக் கட்டிக்கொண்டார்கள். எச்சரிக்கை 1 முதல் 4 வரை. 1 என்றால் தண்ணீர், ரொட்டி வாங்கி வைக்கிற நேரம். 3 என்றால் கடை, பஸ் எல்லாம் நின்றுவிடும், அறைக்குள் இருக்க வேண்டும். 4 என்றால் 120 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தேவிட்டது என்று அர்த்தம். புயல் கடந்துவிட்டது போல் தோன்றினாலும் எச்சரிக்கையை நீக்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது. நடுவில் கண் பகுதி கடக்கும்போது காற்று அப்படியே நின்றுவிடும், அப்புறம் எதிர்த்திசையிலிருந்து வரும்.

நேரடி விமானம் மும்பையிலிருந்தே இருக்கிறது. தைப்பூசத்துக்கு ஐந்து நாள் முன்னால் போய், நான்கு நாள் கழித்துத் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போவதுதான் முக்கியம், இங்கே கிளம்பும் நாளில் அங்கே விமான நிலையம் மூடியிருந்தால் காவடியே கைவிட்டுப் போகும். கடற்கரை ஓட்டலை விடுங்கள், குவாத்ர் போர்ன் பக்கம் உள்ளே தங்குங்கள். கோர் து கார்ட் மலையடிவாரக் கோயில் அங்கேதான். படியேறிப் போகும்போது நம் சேதா நகர் படிகள் ஞாபகத்துக்கு வரும். கடையில் சில்லறை வாங்கினால் நோட்டை உற்றுப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும்.

புயல் வருகிறது என்று செய்தி பார்த்ததும் டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தால் போதுமா?
*வாசகர், டோம்பிவிலி*

போதாது. புயல் உருவாகிவிட்டது, பெயரும் வைத்தாகிவிட்டது என்றால் அது தெரிந்த ஆபத்து. அதற்குப் பிறகு எடுத்த பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது. வெள்ளம் வருமுன் அணை என்பது இங்கே அப்படியே பொருந்தும். முதல் முன்பணம் கட்டுகிற அன்றே எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது படிக்க வேண்டிய இடம், பயணத்துக்கு முன் ரத்து, நடுவில் முறிவு, தாமதம் என்று தனித்தனியாக இருக்கும். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு, நடுவில் மாட்டிக்கொண்ட ஆறு நாள் ஓட்டல் செலவில் ஒரு பைசா வரவில்லை. அவர்கள் பாலிசியில் இருந்தது பெட்டி தொலைந்தால் மட்டும்தான். "பயமாக இருக்கிறது, போகவில்லை" என்பதற்கும் சாதாரண பாலிசியில் பணம் கிடையாது.

விமான டிக்கெட் பற்றி ஒன்று. அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் போகும். விமான நிறுவனமே ரத்து செய்தால், நம் நாட்டு விதிப்படி முழுப் பணமோ மாற்று விமானமோ உங்கள் விருப்பம். வானிலைக் காரணம் என்பதால் அதற்கு மேல் நஷ்ட ஈடு கிடைக்காது. அதனால் விமானம் ரத்தாகும் என்று தெரிகிற நேரத்தில் கொஞ்சம் பொறுத்திருங்கள். ஆனால் விமானம் பறந்தாலும் போகிற இடத்தில் எச்சரிக்கை இருக்கிறது என்றால், பணம் போனால் போகட்டும், போகாதீர்கள்.

யூடியூபில் 15 நாள் முன்னாலேயே "பயங்கரப் புயல்" என்கிறார்கள். எதை நம்புவது?
*கல்லூரி மாணவர், சயான்*

அதை நம்ப வேண்டாம். நம் வானிலைத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த இரண்டு வாரத்தில் கடலில் எங்கே புயல் உருவாக வாய்ப்பு என்று அறிக்கை போடுகிறது. டிக்கெட் கையில் இருந்தால் வியாழன்தோறும் அதைப் பாருங்கள். நான் காலண்டரில் குறித்தே வைத்திருக்கிறேன். ஐந்து நாளுக்குள் வந்ததும் தினமும் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் கூம்பு மாதிரி ஒரு பகுதி வரைந்திருப்பார்கள். அது புயலின் அளவு இல்லை. புயலின் மையம் எந்த எல்லைக்குள் போகலாம் என்பதைத்தான் காட்டுகிறது. கூம்புக்கு வெளியே இருந்தாலும் மழையும் அலையும் வரும். ஹேவ்லாக்கில் எங்களுக்கு வந்தது அப்படித்தான்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஊர்ச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 வந்தால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம், படகில் ஏறாதீர்கள். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

புயல் அடித்த தீவுக்கு அடுத்த சில மாதங்களிலேயே சுற்றுலா போவது தவறா? மனசு உறுத்துகிறது.
*வாசகி, செம்பூர்*

மின்சாரமும் குடிதண்ணீரும் ஊருக்கே திரும்பாத நேரத்தில் போனால், அவர்களுடைய தண்ணீரில் நாம் குளிக்கிறோம். அப்போது போகாதீர்கள். அது திரும்பி, படகு ஓட ஆரம்பித்து, "வாருங்கள்" என்று அவர்களே சொன்னபிறகு, கண்டிப்பாகப் போங்கள். 2018-இல் கஜா எங்கள் வேதாரண்யம் பக்கத்தைச் சாய்த்தபோது, தென்னை போனதைவிட, அதற்கப்புறம் யாரும் வராமல் போனதுதான் கஷ்டம் என்று என் சித்தப்பா சொல்லுவார். போகிற இடத்தில் வாடகைக்குப் பேரம் பேசாதீர்கள். சின்னக் கடையில் சாப்பிடுங்கள்.

நான் 2018 பிப்ரவரியில் மறுபடி ஹேவ்லாக் போனேன். அந்தக் கடை இருந்தது, மேலே புதுத் தகரம் போட்டிருந்தார்கள். பணத்தை நாங்கள் ஊர் வந்து சேர்ந்ததும் 2017 ஜனவரியிலேயே அனுப்பியிருந்தோம். அந்த அம்மா உள்ளே போய் அதே பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்து, எங்கள் பக்கத்தைத் திறந்து காட்டினார். 14 பேர், மூன்று நாள், கிச்சடி, கடைசி வரியில் மாத்திரை என்று எழுதி, அதற்கு நேரே தொகை போடாமல் விட்டிருந்தார். மேலே குறுக்குக் கோடு. அப்புறம் முதலில் கேட்டது, "அந்த மாத்திரைத் தாத்தா எப்படி இருக்கிறார்?" என்றுதான். நன்றாக இருக்கிறார் என்று சொல்லி, அங்கேயே அவருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் பேச ஒரு பாஷை இல்லை. ஆனாலும் பத்து நிமிஷம் பேசினார்கள்.